எலியாவுக்கு ஒரு பத்தி

சேலைத் தலைப்பில் பொதிந்து கொண்டுவந்தும் பிரேமகுமாரிக்குக் கணவர் முன்பு எழுதிய கடிதங்கள் ஆவணி மழையில் நனைந்துவிட்டன. பாறசாலையில் டைப் அடிக்கும் லீலாபாய் டீச்சர் அவற்றை வாங்கி, தன் வேதபுத்தகத்தின் தாள்களுக்கிடையே ஒவ்வொன்றாக வைத்தார். தாள்களில் நீல மை ஊறியது. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அது தொண்ணூறாம் வருஷம். குவைத்தில் சண்டை மூண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. பிரேமகுமாரியின் கணவர் மோகனனும் பக்கத்து வீட்டு எலியாவும் அங்கே தச்சுவேலைக்குப் போனவர்கள். போனும் இல்லை, கடிதமும் இல்லை. டெல்லிக்கு இங்கிலீஷில் மனு அடிக்க இரண்டு மனைவிமாரும் வெள்ளறடையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

"எங்களுக்க வீட்டுக்காரரக் கண்டுபிடிச்சுத் தரணும்ணு எழுதுங்க டீச்சரே," என்றாள் பிரேமகுமாரி.

மனு அன்றே தபாலில் போயிற்று.

மறுநாள் காலை பிரேமகுமாரி மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் முற்றத்தில் வந்து நின்றார். கையில் கார்பன் பிரதி.

"எனக்க தப்பாக்கும் மக்கா. தமிழ்ல எங்களுக்க வீட்டுக்காரருண்ணா ஆளுக்கொருத்தருண்ணு புரியும். இங்கிலீஷ்ல புருஷன்மாருண்ணு பன்மையில அடிக்கணும். நான் ஹஸ்பண்ட் மோகனன் எலியாண்ணு அடிச்சுப்போட்டேன். வாசிக்கியவன் அது ஒரே ஆளுக்க பேரு, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே புருஷன்ணு நெனைப்பான்."

பிரேமகுமாரி கத்தியைக் கீழே வைத்தாள். ஒருவர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டால் மற்றவர் கதி?

வேலிக்கப்பால் நின்ற எலியாவின் மனைவி மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

"அய்யோ டீச்சரே, எனக்க ஒருத்தருக்குச் சோறு வெளம்பிக் குடுத்தே இடுப்பு ஒடியுது. இதுல கூட்டுப்பங்கு வேறயா!"

"உனக்க ஆள நீயே வச்சுக்க. கொறட்டச் சத்தம் இங்க வரைக்கும் கேக்கும்," என்றாள் பிரேமகுமாரி. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

இருபது வருஷமாகப் பிழையில்லாமல் அடிப்பவர் என்று பேரெடுத்தவர் டீச்சர். யாருக்கும் தெரியாமல் வேறொரு மனு அனுப்பியிருக்கலாம். அவரோ அடுக்களை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவரின் வயது, மச்சம், உளி பட்டு நகம் போன விரல் எல்லாம் கேட்டு எழுதினார். 'எங்கள்' என்று வந்த இடமெல்லாம் நிறுத்தி, எத்தனை என்று கேட்டார். வீடு ரெண்டு, கிணறு ஒண்ணு என்று எலியாவின் மனைவி சொல்லிக்கொடுத்தாள். புது மனுவில் மோகனனுக்கு ஒரு பத்தி, எலியாவுக்கு ஒரு பத்தி.

ஐப்பசியில் மோகனன் வந்து சேர்ந்தார். எலியாவைத் தொடர்ந்து தேடுவதாக டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. கார்த்திகையில், கர்த்தர் கிருபையால், அவரும் வீடு வந்து சேர்ந்தார்.

தொண்ணூற்றாறில் டீச்சர் மகளோடு தங்க மதுரைக்குப் புறப்பட்டார். வழியனுப்ப இரண்டு வீட்டாரும் பாறசாலை ஸ்டேஷனுக்குப் போனார்கள். அவரைப் பார்த்தது அதுவே கடைசி. ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக ஜெபிக்கணும் டீச்சரே," என்றாள் பிரேமகுமாரி.

"மொத்தமா ஜெபிக்கமாட்டேன் மக்கா," என்றார் டீச்சர். "ஒவ்வொருத்தரா பேரு சொல்லுவேன். ஒருத்தரும் விட்டுப்போவப்பிடாது."