ஜானவாசக் கார்

மந்தைவெளியில் எங்கள் அடுத்த குடித்தனம் கோபாலுடையது. நடுவில் அரைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே நான் சொல்வதில் ஒட்டுக்கேட்டதும் உண்டு. அதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆள் நானில்லை.

கோபால் ஓட்டியது மேல்கூரை மடங்கும் ஒரு பழைய சீமைக் கார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சண்முகசுந்தரத்தின் சொத்து. மயிலாப்பூரில் ஜானவாசம், அதாவது கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை ஊர்வலம், என்றால் அந்தக் கார்தான் வரும். கோட்டு மாட்டிய மாப்பிள்ளையை உட்காரவைத்து, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். தெருமுனைதோறும் வித்வான் நின்று வாசிப்பார். காரும் நிற்கும். ஆனால் எஞ்சினை மட்டும் அணைக்கக் கூடாது. மாப்பிள்ளை ஏறிய வண்டி நடுவழியில் அணைந்தால் அபசகுனம் என்று சம்பந்திகள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

காருக்குப் பூ அலங்காரம் கோபாலின் மனைவி கங்கம்மா. குளத்தங்கரையில் பூக்கடை வைத்திருந்தாள். அவர்களுக்கு ஒரே மகள், தேசம்மா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “எம் பொண்ணையும் இந்த வண்டிலதான் குந்த வெச்சி இட்டாருவேன்” என்று கோபால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எழுபத்தொன்றாம் வருஷம் ஆடியில் மஞ்சள் காமாலை கண்டு அவள் போய்ச் சேர்ந்தாள்.

முன்பெல்லாம் கங்கம்மா பானெட் மேல் இரண்டு சரம் போடுவாள். மகள் போன பிறகு யார் வீட்டுக் கல்யாணமானாலும் காரின் முகம் முழுக்க, விளக்குகளை மட்டும் விட்டு, மல்லியும் மருக்கொழுந்துமாக நெருக்கிக் கட்டிய பூத்திரை. “இது தேசம்மாவுக்குக் கட்றது. ஊர்ப் புள்ளைங்க போட்டுக்கினு போவட்டும்” என்பாள்.

அந்த ஆவணியில்தான் கார் கொதிக்க ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. ஊர்வலத்தில் நின்றால் போதும், சூடு காட்டும் முள் ஏறும், ரேடியேட்டர் மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி வரும். கல்யாண வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு புண்ணியவான் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார், அதையும் உடைத்தார்கள்.

லஸ் பக்கம் பட்டறை வைத்திருந்த அப்துல் கய்யூம் ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். ஃபேன் பெல்ட்டை மாற்றினார். தண்ணீர் பம்பைப் பிரித்துப் பார்த்தார். பட்டறை வாசலில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கார் கொதிக்கவில்லை. எப்படிக் கொதிக்கும்? மங்கலப் பொருள் பட்டறை எண்ணெயில் படக் கூடாது என்று, கோபால் பூவையெல்லாம் கழற்றிவிட்டல்லவா வண்டியைக் கொண்டுபோவான்!

சண்முகசுந்தரத்துக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னொரு கல்யாணத்துல என் மானத்த வாங்குச்சுன்னா வண்டிய வித்துருவேன்டே, பாத்துக்க” என்றார்.

கோபால் மறுபடி பட்டறைக்கு ஓடினான். கய்யூம் இந்த முறை ஸ்பானரைத் தொடவில்லை.

“எப்பலேர்ந்து இப்டி?”

“பொண்ணு போனதுலேர்ந்து, பாய்.”

“அதுக்கு மின்னாடி இல்லாதது, இப்ப வண்டில இன்னா கீது?”

“பூதான், பாய். மூஞ்சி முழுக்கக் கட்றா.” கய்யூம் ஒரு ஈரச் சாக்கை எடுத்துக் காரின் முகத்தில் தொங்கவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் ஏறியது.

“காத்து பூற வழியில்ல, நைனா. ஓடறப்போ எப்டியோ பூந்துக்குது. நின்னா அதுவும் இல்ல. பூவ எடுக்கச் சொல்லு, அவ்ளோதான்.” இதைக் கய்யூமே பின்னால் என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் கங்கம்மா மறுநாள் ஜானவாசத்துக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தாள். “பாய் இன்னா சொன்னாரு?” என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

“எஞ்சினுக்கு வயசாயிட்ச்சாம்” என்றான் கோபால்.

மறுநாள் தெற்கு மாட வீதியில் கார் கொதித்து நின்றது. மாப்பிள்ளை இறங்கி நடந்தார். சண்முகசுந்தரம் சொன்னபடி காரை அசோக் நகரில் யாருக்கோ விற்றார். கோபாலுக்குக் கடையில் ஜவுளி மூட்டை தூக்கும் வேலைதான் மிஞ்சியது. ஸ்டியரிங் பிடித்த கை. பார்க்கச் சகிக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே கார் கங்கம்மாவின் கடைமுன் வந்து நின்றது. புது டிரைவர் அன்வர் பாஷா எஞ்சினை அணைக்காமலே முதலாளியம்மாவுக்குப் பூ கேட்டான். அம்மாள் கோயிலிலிருந்து வரும்வரை, நல்ல வெயிலில், கார் அப்படியே ஓடிக்கொண்டு நின்றது.

“கொதிக்கலியாப்பா?”

“இதுவா? ஒரு நாளும் கொதிச்சதில்லம்மா.”

கங்கம்மா காரின் வெறும் முகத்தைப் பார்த்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கோபால் வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“எம் பூவாலயா?”

கோபால் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பேனேய்யா. வண்டியாவது தங்கியிருக்குமே!”

“நம்ம பொண்ணுக்குக் கட்னது” என்றான் கோபால். “பூவ எட்றீன்னு எந்த வாயால சொல்றது?”