ஏல நேரத்தில் வந்தவர்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் தினமும் ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் அம்மா ஒருவர், காலையில் நெஞ்சு வலியோடு எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார்.

“வாயுதான் டாக்டரம்மா, ஊசி போட்டு அனுப்பிடுங்க.”

ஈசிஜி சரியாகத்தான் இருந்தது. ஆனால் என்னுடன் பணியிலிருந்த டாக்டர் தோழி அவரை விடவில்லை.

“இது ஏல நேரமாச்சே, உங்க மீனை யாரு எடுக்குறாங்க?”

எனக்கு எரிச்சல் வந்தது. வியாபாரம் விசாரிக்க இதுவா நேரம்!

“யாரும் எடுக்கல. முடியல, வுட்டுட்டு வந்துட்டேன்.”

ஏலத்தையே விட்டுவிட்டு வருகிற வலி வாயு இல்லை என்றாள் தோழி. அவரைப் படுக்கவைத்து, சற்று நேரத்தில் மறுபடி ஈசிஜி எடுத்தாள். மாரடைப்பு தெரிந்தது. உடனே சிகிச்சை தொடங்கியதால் பிழைத்தார்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்:

“எந்த வேலைய வுட்டுட்டு வந்தீங்க?”