நிருபர் போட்ட திருத்தம்

அந்த இதழியல் போட்டியின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'இந்தச் செய்தியால் என்ன மாற்றம் ஏற்பட்டது?' என்று கேட்டிருந்தார்கள். 'தண்ணீர் திறந்துவிடாத டேங்க் ஆபரேட்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்' என்று நான் தட்டச்சு செய்தேன். அப்போது உள்ளுக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. இன்று நினைத்தால் கூசுகிறது.

சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்பைத் தாண்டி ஒரு மாடி அறையில் இணையச் செய்தித்தளம் ஒன்றை நடத்திவந்தோம். ஆசிரியர் என்ற பெயரில் நான், வீடியோ வெட்டி ஒட்ட ஒருவர், ஊர் ஊராகப் போய்வர ஒரு நிருபர். அவ்வளவுதான் நாங்கள். நிருபருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவர். அச்சுப் பத்திரிகையில் பல வருடங்கள் இருந்துவிட்டு வந்த எனக்கு, கைபேசியில் செய்தி போடுகிற எங்களையும் யாராவது பத்திரிகைக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்களா என்று ஓர் ஏக்கம். இணைய இதழியலுக்கென்று ஒரு போட்டி அறிவித்ததும் நிருபரின் செய்தியை அனுப்பிவைத்தேன்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் கடைசித் தெருவுக்கு மட்டும் மாதக்கணக்கில் குடிநீர் வரவில்லை. மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டர் வேண்டுமென்றே திறப்பதில்லை என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். தண்ணீர் வரவேண்டிய நேரத்தில் காலிக் குடங்கள் காத்திருப்பதையும், அதே நேரத்தில் அந்த மனிதர் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து பீடி குடிப்பதையும் நிருபர் அடுத்தடுத்துப் படம்பிடித்துக்கொண்டு வந்தார். "அவருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கோணுங்க சார். போனை எடுக்க மாட்டேங்கறாரு. நாளைக்கு நேர்ல போய்ட்டு வாரேன்" என்றார். "அதற்குள் வேறு யாராவது போட்டுவிடுவார்கள், இப்போதே ஏற்றுங்கள்" என்று அவசரப்படுத்தியது நான். வீடியோ கைபேசி கைபேசியாகப் பரவியது. ஒரே வாரத்தில் ஆபரேட்டருக்கு வேலை போயிற்று.

செய்தி போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது. அந்தத் தெருவின் இப்போதைய நிலையைக் காட்டும் புகைப்படம் ஒன்றை அனுப்பச் சொன்னார்கள். காலை பஸ்ஸில் போன நிருபர் பிற்பகலில் திரும்பி வந்தார். செருப்பெல்லாம் சேறு. நாற்காலியில் உட்காரவில்லை.

"சார், தண்ணி இன்னும் வரலீங்க."

"புது ஆள் போட்டாச்சே?"

"அவரும் தெறந்துதான் உடறாருங்க. கூடவே நின்னு பார்த்தேன். நம்ம படத்துல பழைய ஆளு உட்கார்ந்திருந்தாரே, அப்பவும் வால்வு தெறந்துதான் இருந்திருக்கு, படத்துலயே தெரியுதுங்க."

தொட்டியிலிருந்து குழாய் போகிற வழியிலேயே நிருபர் நடந்திருக்கிறார். ஒரு கோழிப்பண்ணை வேலியோரம் மண் ஈரமாக இருந்திருக்கிறது. எருக் குவியலைக் குச்சியால் கிளறியதும் கிளைக்குழாய் ஒன்று தெரிந்திருக்கிறது. ஒரு தெருவின் தண்ணீர் முழுக்கப் பண்ணைக்குள் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் தோன்றியது வெட்கம் அல்ல, போட்டிதான். முடிவு வர இரண்டு வாரம் இருந்தது. பண்ணைக்காரரின் திருட்டைப் புதிய செய்தியாகப் போடலாம், பழையதை இப்போதைக்குத் தொடவேண்டாம் என்றேன். நிருபர் என் முகத்தைப் பார்த்தார். "அதையும் போடலாங்க சார். மொதல்ல அந்த மனுசன் ஊட்டுக்குப் போகோணும்" என்றார். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஆபரேட்டராக இருந்தவர் லாரிகளில் முட்டை அட்டைகள் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் நின்றபடியே நிருபர் சொன்னார்: "அண்ணா, நான் தப்பாப் போட்டுட்டனுங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்லீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு நீங்க போன் பண்ணப்ப தொட்டி மேல ஏறிக் கழுவிட்டிருந்தனுங்க. போன் ஊட்ல கெடந்துது" என்றார். உள்ளிருந்து வந்த அவர் மனைவிதான் கேட்டார்: "அத்தன சனம் பார்த்துதே. இப்ப எங்க வாசல்ல வந்து சொன்னா யாருக்குங்க கேக்கும்?"

"அதே தெருவுல, அதே எடத்துல நின்னு எல்லாருக்கும் சொல்றனுங்க."

"அப்ப என்ர பேரைச் சொல்லிச் சொல்லுங்க. அன்னிக்குப் பேர் சொல்லித்தான போட்டீங்க?" என்றார் ஆபரேட்டர்.

அன்று மாலையே அந்தத் தெருவில் நிருபர் நின்றார். குற்றம் சொன்ன ஜனங்கள் சுற்றி நின்றார்கள். கையில் குறிப்புத் தாள் இல்லை. ஆபரேட்டரின் பெயரைத் தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். 'எங்கள் தளம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'நான்', 'நான்' என்றே சொன்னார். நான் கைபேசியில் படம்பிடித்தேன். அவசரப்படுத்தியவன் நான் என்று அந்தக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு தளத்தில் ஏற்றிய திருத்த வீடியோவின் அடியில் எழுத்தில்தான் சேர்த்தேன். இத்தனை வருட அனுபவத்தில் எனக்குக் கைவராத ஒன்றை அவர் மூச்சுவிடுவதுபோலச் செய்துவிட்டு, அடுத்த தெருவிலிருந்து சுமந்துவந்த குடத்தைத் தூக்க முடியாமல் நின்ற ஒரு அம்மாவுக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

போட்டியிலிருந்து விலகுவதாக எழுதினோம். 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி பதில் வந்தது. பண்ணைக் குழாய் துண்டிக்கப்பட்டது, தெருவுக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்ச காலம் இழுத்தடித்துவிட்டு ஊராட்சியில் ஆபரேட்டரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் எங்களோடு அதற்குமேல் பேசவில்லை. பேசவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

நிருபர் இப்போது சென்னையில் ஒரு பெரிய தொலைக்காட்சியில் இருக்கிறார். பழைய வீடியோவை நாங்கள் அன்றே நீக்கிவிட்டாலும், யார் யாரோ வெட்டிவைத்த துண்டுகள் இன்னும் சுற்றுகின்றன. சென்ற வாரம்கூட ஒரு முகநூல் பக்கத்தில் பார்த்தேன். அடியில் வரிசையாக வசவுகள். அவற்றுக்கு நடுவே நிருபர் தன் சொந்தப் பெயரில் எழுதியிருந்தார்: 'இதை எடுத்த நிருபர் நான்தான். இவர் தண்ணீரைத் திறந்துதான் விட்டிருந்தார். தப்பு என்னுடையது.' இத்தனை வருடம் கழித்து இதை ஏன் சொல்கிறீர்கள் என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

அதற்கும் பதில் போட்டிருந்தார்: 'வீடியோ இன்னும் ஓடுதுங்களே.'