கடைசித் தாள் இல்லாத பேய்க் கதை

பழைய பேய்க் காமிக்ஸ் விற்கும் தொழிலில் பேயைவிடப் பெரிய தொந்தரவு கடைசித் தாள்தான். சேலத்தில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். பழைய புத்தகம் வாங்கி விற்று நொந்துபோன உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

தப்பித்த கொலைகாரர்கள்

இந்தக் கதைகள் எல்லாமே ஒரே அச்சு. ஒருவன் பாவம் செய்வான். யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருப்பான். கடைசிப் பக்கத்தில் விதி அவனை வகையாகப் பிடிக்கும். ஆனால் பல கை மாறி வரும் புத்தகத்தில் முதலில் பிய்ந்துபோவது அந்தத் தாள்தான். அப்படிப்பட்ட புத்தகத்தை விற்கும்போது முடிவை வாயால் சொல்லி அனுப்புவது என் கடை வழக்கம்.

ஒரு முறை சொல்ல மறந்துவிட்டேன். பத்துப் புத்தகம் வாங்கிப் போன நாமக்கல் வாத்தியார் மறுவாரமே திரும்பி வந்தார். "ஏனுங்க, பத்துக் கொலை நடந்திருக்குது, ஒருத்தனும் மாட்டலீங்களே!"

மணிச் சத்தம்

போன வருடம் சங்ககிரியிலிருந்து குமரேசன் அண்ணன் வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எப்போதோ சலூனில் ஒரு பேய்க் கதை படித்தாராம். பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளில் போனவரை ஒரு லாரிக்காரன் அடித்துவிட்டு நிற்காமல் போகிறான். அன்றிலிருந்து எங்கே போனாலும் அவன் காதில் சைக்கிள் மணி அடிக்கிறது. அதற்குமேல் தாள் இல்லை. முடிவு என்ன என்று கேட்டார்.

புத்தகம் என்னிடமும் இல்லை. முடிவு மட்டும் நினைவிருந்தது, அல்லது அப்படி நினைத்தேன். "செத்தவரு ஊட்டுக்கே போயி உண்மையச் சொல்லிருவானுங்கண்ணா. அதோட மணிச் சத்தம் நின்னுரும்" என்றேன். புத்தகம் கிடைத்தால் கூப்பிடச் சொல்லி போன் நம்பர் கொடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டார். "நெசமாவே நின்னுருமுங்களா தம்பி?"

மோகனூர் மூட்டை

அடுத்த மாதம் மோகனூரில் வீடு காலி செய்தவர்கள் ஒரு மூட்டை காமிக்ஸ் கொடுத்தார்கள். அதில் அந்தப் புத்தகம் முழுதாக இருந்தது. ஆசையாகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அந்த லாரிக்காரன் யார் வீட்டுக்கும் போகவில்லை. மணி அடித்த பக்கம் திரும்பிப் பார்க்கிறான். லாரியோடு கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்து சாகிறான். நான் சொன்னது, பக்கத்து வயலின் எல்லைக் கல்லை நகர்த்தி, அதன் சொந்தக்காரர் சாவுக்குக் காரணமான வேறொருவனின் கதை முடிவு. நூற்றுக்கணக்கில் படித்ததில் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஒரு கதையின் முடிவைக் கேட்பதற்காக அந்த வயதில் ஒருவர் சங்ககிரியிலிருந்து பஸ் ஏறி வருவாரா? உடனே போன் போட்டேன். அவர் வீட்டம்மா எடுத்தார். "அவுரு காலைலயே வாழப்பாடிப் பக்கம் யாரோ ஊட்டுக்குப் போயிருக்காருங்க. எதுக்குன்னு கேட்டாச் சொல்லலீங்க."

வாழப்பாடி வீடு

நான்கு நாள் கழித்து அண்ணனே கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பதினெட்டு வருடத்துக்கு முன் வாழப்பாடி ரோட்டில், சைக்கிளில் போன ஒருவரை அவர் லாரி அடித்திருக்கிறது. அவர் நிறுத்தவில்லை. செத்தவரின் மனைவி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அண்ணன் சொன்னதைக் கேட்டு அந்தம்மா திட்டவில்லை, அழவில்லை. "அடிச்ச ஒடனே போய்ட்டாரா, உசுரு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாராம். பார்க்கவில்லை என்றிருக்கிறார் இவர். "இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போறப்பகூட எம் பேரச் சொன்னாரு" என்று அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டாராம். நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுக்கப் போவதாக அண்ணன் சொன்னார்.

நிம்மதி கிடைக்கும் என்று நம்பிப் போனவர் அவர். நம்ப வைத்தவன் நான். வெட்கமாக இருந்தது. புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, முடிவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினார். "இவன் குடுத்து வெச்சவன் தம்பி. ஒரே பக்கத்துல முடிஞ்சு போச்சுங்க."

இப்போதெல்லாம் யாராவது ஒரு கதையின் முடிவைக் கேட்டால், எனக்கும் தெரியாது என்று சொல்லும் அளவுக்குத் தொழிலில் தேறியிருக்கிறேன்.