கோடை முகாம் சேர்க்கை மேசையிலிருந்து

கோடை முகாமில் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது பெரிய காரியமில்லை. சேர்க்க வருகிற பெரியவர்களுக்கு முகாம் என்றால் என்னவென்று விளக்குவதில்தான் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். காரைக்காலில் ஆறு வருடமாக ஒவ்வொரு மே மாதமும் நடத்துகிறேன். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை ஓவியம், களிமண், நாடகம், கோ-கோ, மரவேலை, நீச்சல் என்று தினம் ஒரு கலவை. இப்படி மேசை போட்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

கணக்கு அப்பா

கோட்டுச்சேரியிலிருந்து ஓர் அரசு ஊழியர் ஐந்தாம் வகுப்பு மகனோடு வந்தார். களிமண்ணால் கை அழுக்காகும், நாடகத்தால் வாய் நீளும், மரவேலை நமக்கெதற்கு என்று நோட்டீஸில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கத்தான் முகாமே என்று அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எழுந்திருக்கும்போது சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. அந்தக் கோ-கோ நேரத்துல மட்டும் இவனுக்குக் கணக்கு எடுக்க முடியுமா?"

துபாயிலிருந்து ஒரு பார்வை

நஸ்ரினின் வாப்பாவுக்கு வேலை துபாயில். உம்மா மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததிலிருந்து வீடியோ காலில் அவரேதான் பேசினார். மகள் மரவேலை கேட்டாள். ஓவியம் போதும் என்றார். அவள் அழுததும் இறங்கி வந்தார், ஆனால் வகுப்பைத் தினமும் போனில் காட்ட வேண்டுமாம். முடியாது என்றேன். மறுநாள் உம்மா ஜன்னலுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி, எங்கள் வகுப்பில் என்ன குறை கண்டீர்கள், நேராகவே சொல்லுங்கள் என்றேன்.

"குறை ஒண்ணுமில்ல டீச்சர். புள்ளைய நேர்ல பாத்து ரெண்டு வருசமாச்சு. அது ஆணி அடிக்கிறதயாவது பாத்துக்கிறேன்."

வயல் பார்க்கப் போனோம்

பிள்ளைகள் வயலைப் பார்க்கட்டும் என்று எங்கள் நாடக ஆசிரியர் செல்வம் பஸ் ஏற்பாடு செய்தார். பஸ் விழிதியூரில் ஒரு பருத்தி வயலோரம் நின்றது. தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். வயலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். நான்காவதாக இறங்கியது அவருடைய மகன்.

மடியில் பருத்தியோடு வரப்பேறி வந்தவர், செல்வம் செடியை விளக்கி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த வெயில்ல இவன் வயல்ல நிக்க வேண்டாம்னுதான் டீச்சர் உங்ககிட்ட அனுப்புனேன்."

நீச்சல் மட்டும்

கிளிஞ்சல்மேட்டுத் தேவி மகளோடு வந்தார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால், படகில் போகிற கணவரும் கூட வந்து வாசலில் நின்றார். அந்த வருடம் நீச்சலுக்கு நாலே பேர். பயிற்சியாளரை வர வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தேவிக்கோ நீச்சல் மட்டும்தான் வேண்டும். ஒன்றை மட்டும் தர முடியாது, ஓவியமும் வரையட்டுமே என்று காலையிலிருந்து சொன்ன பாடத்தையே எரிச்சலோடு ஒப்பித்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்றார் கணவர்.

தேவி அவர் பக்கம் திரும்பவேயில்லை. சுனாமியில் போன தங்கையைப் பற்றிச் சொன்னார். அப்போது இவருக்குப் பத்து வயது, தங்கைக்கு எட்டு. அந்த அலையில் நீச்சல் தெரிந்தவர்களும் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், பயிற்சியாளரை வரச் சொல்லிவிட்டேன். முகாமின் கடைசி நாள் தேவியின் மகள் நீச்சல் குளத்தைக் குறுக்கே கடந்தாள். துண்டோடு கரையில் நின்றது அவளுடைய அப்பா.

தேவி அன்று மேசையில் சொன்னது இதுதான்: "என் தங்கச்சி நல்லா படம் வரைவா டீச்சர். நீஞ்சத்தான் தெரியாது."

இந்த வருடம் சேர்க்கைப் படிவத்தில் 'பிள்ளை எதை விரும்புகிறது?' என்று புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். அதையும் பிள்ளையிடம் கேட்காமல் பெற்றோர்களே நிரப்பித் தருகிறார்கள்.