இன்ஜின் மாத்தப் போறாகளாம்!

போன செவ்வாய்க்கிழமை. காலை டிபனுக்கு உட்கார்ந்த நேரத்தில் மதினியிடமிருந்து போன்.

"தம்பி, சட்டைய மாட்டிட்டு வாசலுக்கு வாங்க. செத்த நேரத்துல வாரேன்."

என்ன ஏது என்று கேட்பதற்குள் கட் ஆகிவிட்டது. மதினி அப்படித்தான். என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார் - இப்போது ராஜஸ்தான் எல்லையில். மதினி ராஜபாளையத்தில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். சொந்த வண்டி, டீசல் வண்டி. மாங்காய் சீசனில் மலையடிவாரத் தோப்புகளுக்கும் மண்டிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் காலியாக வந்து நின்றது.

"லோடு இல்லையா மதினி?"

"மண்டி அண்ணாச்சி வரவேண்டாம்னுட்டாரு. வண்டிக் கம்பெனிக்காரன் டீசல் இன்ஜின் வாங்குற இடத்த மாத்திட்டானாம். இனி நம்ம மாடலுக்கு ஸ்பேர் கெடைக்காதாம். மாங்காயோட நடுவழியில நின்னுட்டா எல்லாம் அழுகிப் போயிருமாம்."

அதோடு முடியவில்லை. முந்தின நாள் அண்ணனும் போனில் சொல்லியிருக்கிறார்: "வித்துரு. இங்க கேம்ப்ல நம்மூர்ப் பசங்களே பேசிக்கிறாங்க." எல்லை வரைக்கும் போய்விட்டது சேதி! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு புரோக்கர் வேறு சாயங்காலம் வண்டியைப் பார்க்க வருகிறாராம். பாதி விலைக்குக் கேட்கிறாராம்.

எத்தனை 'ஆம்' பார்த்தீர்களா?

"சரி... நான் எதுக்கு மதினி?"

"நீங்க பத்திரிகைல எழுதுறவுக. பக்கத்துல நின்னா ஆளுக கொஞ்சம் யோசிச்சுப் பேசுவாக. ஏறுங்க."

ஏறினேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன தைரியம்?

முதலில் மண்டி. கல்லாவில் இருந்த அண்ணாச்சி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பதற்றம் வந்தால் கடையிலும் அதுதான் முதலில் வரும். "எந்துக்கம்மா ரிஸ்க்கு? உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. இன்ஜின் மேலதான்..."

"யாரு சொன்னாக அண்ணாச்சி?"

"டயர் கடைக்காரரு. அவரு சொன்னா கரெக்டா இருக்கும்."

டயர் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாத்திட்டாங்கன்னு நான் சொல்லலியே. மாத்தப் போறது உறுதின்னுதான் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுல ஒரு டிரைவர் சொன்னாப்ல."

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். லோடு வண்டி ஸ்டாண்டில் அந்த டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "உறுதின்னு யாரு சொன்னது? மாத்தப் போறாகளாம்னேன். செட்டியார்பட்டியில ரிட்டயர்டு ஏட்டையா ஒருத்தர் சொன்னாரு. பையன் அமெரிக்காவுல இருக்கான்."

கவனித்தீர்களா? மண்டியில் 'மாத்திட்டான்'. டயர் கடையில் 'உறுதி'. ஸ்டாண்டில் 'மாத்தப் போறாகளாம்'. பின்னோக்கிப் போகப் போக சேதி இளைத்துக்கொண்டே வந்தது.

வந்த வழியே திரும்பி, ராஜபாளையத்தைத் தாண்டி, செட்டியார்பட்டி. மதினி கியரைக் கொஞ்சம் கோபமாகப் போட்டார்.

ஏட்டையா வீட்டில்தான் இருந்தார். போலீஸ் மீசை. எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, முழுதாகக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"அட... என் மகன் சொன்னது அமெரிக்காவுல ஓடுற பிக்கப்பப் பத்தித்தாம்மா! அது பஸ் சைஸுக்கு இருக்கும். அதுக்கு டீசல் இன்ஜின் குடுக்கிற கம்பெனிய மாத்தலாம்னு அங்க ஒரு பேச்சு அடிபடுதாம். அதுவும் வதந்தின்னுதான் சொன்னான். கல்யாண வீட்டுப் பந்தியில சும்மா பேச்சுக்குச் சொன்னேன்..."

அமெரிக்காவைப் பந்தியிலேயே விட்டுவிட்டு, வதந்தியை மட்டும் கை கழுவாமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

மதினி கோபப்படவில்லை. போனை அவர் முன்னால் நீட்டினார். "இதையே ஒரு வாய்ஸா பேசிக் குடுங்க ஐயா. ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருதேன்."

ஏட்டையா பின்வாங்கினார். "எனக்கு எதுக்கும்மா வம்பு? பேரு வந்துரும்."

"ஒங்க பேரச் சொல்லித்தான் என் வண்டிய நிறுத்தி வச்சிருக்காக. அப்ப வம்பு இல்லியா?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மனிதர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். போனை வாங்கி, ஒயர்லெஸ்ஸில் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார். 'நான் சொன்னது அமெரிக்கா வண்டி. நம்ம ஊர் வண்டி அல்ல. அதுவும் உறுதியான தகவல் அல்ல.' நன்றாகத்தான் பேசினார்.

குரூப்பில் போட்டாகிவிட்டது. என்ன நடந்தது என்கிறீர்கள்? ரெண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் 'குட் மார்னிங்' ரோஜாப்பூ. அம்புட்டுதான்! பொய்க்கு எல்லை வரைக்கும் போக முடிந்தது. உண்மைக்கு செட்டியார்பட்டி விலக்கு ரோட்டைத் தாண்டவே மூச்சு வாங்கியது.

மறுபடியும் மண்டி. அண்ணாச்சி வாய்ஸை ரெண்டு தடவை கேட்டார். தலையைச் சொறிந்தார். "சரிதாம்மா... இருந்தாலும் நாளைக்கு நிஜமாவே மாத்திட்டான்னா? ஒரு மாசம் பாப்போமே."

மதினி அங்கேதான் வெடித்தார்.

"மாத்தட்டுமே அண்ணாச்சி! புது வண்டிக்குப் புது இன்ஜின் மாட்டுவான். என் வண்டியில ஓடிக்கிட்டிருக்கிறத வந்து கழட்டிட்டா போயிருவான்? இத்தன வருசமா ஒங்க மாங்காய எந்த எடத்துலயாவது நிறுத்திருக்கேனா? ஊரு பேசுறத நம்புறீக. ஒங்க கண்ணு பாத்தத நம்ப மாட்டேங்கிறீக. நீங்க பாக்கவும் வேணாம், நான் காத்திருக்கவும் வேணாம்."

மண்டியே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சிக்குத் தெலுங்கு வருவதற்குள் மதினி வாசலைத் தாண்டியிருந்தார்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் எனக்குக் கவலை வந்துவிட்டது. சீசனில் மண்டியைப் பகைப்பது சாதாரண விஷயமா? ஆனால் மதினி சாவியைத் திருகினார்... ஒரே திருகு. கிளம்பிவிட்டது.

நேரே அய்யனார் கோவில் ரோட்டுக்குப் போனோம். அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் மதினி நேரடியாகவே பேசினார். மூன்று பேர் கையை விரித்தார்கள். நாலாவதாக ஒரு அக்கா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டி மலைப்பாதையில ஏறுதா இல்லியா?" என்றார்.

"ஏறுதுக்கா."

"பொறவு என்ன? ஏத்து."

அவ்வளவுதான் பரீட்சை! கூடைகளை ஏற்றிக்கொண்டு சுந்தரபாண்டியம் வரை போய், சில்லறை வியாபாரிகளுக்கு இறக்கிவிட்டு வந்தோம். வீடு திரும்பும்போது வாசலில் புரோக்கர் காத்திருந்தார். மதினி இறங்கக்கூட இல்லை.

"விக்கிற வண்டி ஒண்ணும் இங்க இல்லண்ணே. வழிய விடுங்க, உள்ள நிறுத்தணும்."

அன்றிரவு அண்ணனிடம் பேசினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்புறம் கேட்டார்: "ஏலே, அவ எதுவும் என்னையத் திட்டுனாளா?"

"இன்னும் இல்லண்ணே. லீவுல வருவீகள்ல... அதுக்கு வச்சிருக்காக."

ஒன்று தெரிந்துகொண்டேன். யாராவது ஏதாவது சொன்னால், 'அப்படியா!' என்று வாயைப் பிளக்காமல், 'யாரு சொன்னா?' என்று கேளுங்கள். அந்த ரெண்டு வார்த்தைக்குப் பல சேதிகள் அந்த இடத்திலேயே பஞ்சர்.

மண்டி அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாராம். மதினி எடுக்கவில்லை. ஸ்டிக்கர் கடையில் பிஸியாக இருந்திருக்கிறார். இப்போது வண்டியின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் இப்படி ஒட்டியிருக்கிறது:

'இன்ஜின் மாறல. ஓட்டுற ஆளும் மாறல. தள்ளிப் போ!'