நான் ஈட்டிய நோய்

இதனை எழுதிவைக்க வேண்டிய தேவை கடந்த திங்கள்தான் எழுந்தது. என் தங்கையின் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள், கூடத்தின் மூலையில் அமர்ந்திருந்த என்னைக் கண்டு, "தாத்தாவுக்குக் காது கேக்காதாமே, அது குடும்பத்துல உள்ளதா?" என்று வினவியிருக்கின்றனர். தங்கை அவ்வினாவை என் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினாள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பும் இதே வினா என்னிடம் கேட்கப்பட்டது. அன்று நான் எழுதிய விடை பிழையானது. இம்முறை பிழையின்றி எழுத விரும்புகிறேன்.

மலாயா விடுதலை பெற்ற ஆண்டு அது. மலாக்கா நகரின் காஜா பெராங்கில், ஒரு பலகை வீட்டின் முன்னறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். அகவை இருபத்தெட்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மேசை என்னும் சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது என்பதற்காக, அதனை 'எழுதுபலகை' என்றே சொல்லி மாணவரைத் திகைக்க வைத்தவன். வீட்டுக்காரர், பல தலைமுறைக்கு முன் அங்குக் குடியேறிய தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டி மரபினர், துறைமுகத்தில் எழுத்தர். நாள்தோறும் திருநீறு பூசி விளக்கேற்றுவார். ஆனால் தமிழ் அறியார். அவர் வீட்டில் புழங்கியது மலாய்தான். எனக்குச் செவி கேட்ட காலத்தில் அதனை நான் குத்திக்காட்டாத நாள் குறைவு. "சாமிக்கு மலாய் நன்றாகப் புரிகிறது, சிக்கு" என்று அம்மொழியிலேயே சொல்லிச் சிரிப்பார். ஆசிரியரை மலாயில் சிக்கு என்றுதான் விளிப்பர். அவருக்கு இடக்கால் விந்தும். சப்பானியர் காலத்தில் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு, புண் அரித்த காலோடு திரும்பியவர்.

அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் எனக்கு இருமலோடு குருதி வந்தது. காசநோய் என்றனர். அந்நாளில் புதிதாக வந்திருந்த ஊசி மருந்தை மருத்துவமனையில் பல திங்கள் போட்டனர். நெஞ்சு தேறியது. ஒருநாள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் இருமல் குறைந்துவிட்டது என்று எண்ணி அவருக்காக மகிழ்ந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் முன்போலவே குலுங்கிக் குலுங்கி இருமிக்கொண்டிருந்தார். என் உயிரைக் காத்த மருந்தே என் செவியை வாங்கிக்கொண்டது.

மருத்துவர் ஒரு தாளில் ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதித் தந்தார். பிறப்போடு வராமல் வாழ்நாளின் இடையில் வந்து சேர்ந்த குறை என்பது அதன் கருத்து. அகரமுதலியைப் புரட்டினேன். பெறுதல், அடைதல், ஈட்டுதல் என்று பொருள்கள் வரிசையாக நின்றன. 'ஈட்டுதல்' என் மனத்துக்கு உகந்தது. செல்வத்துக்கும் புகழுக்கும் வழங்கும் சொல்லல்லவா.

வீடு திரும்பிய பின் என் உலகம் ஒரு கற்பலகையின் அளவுக்குச் சுருங்கிற்று. பேச வருவோர் அதில் எழுதவேண்டும். என் குரல் எனக்கே கேளாததால், வாய் திறக்கக் கூசி நானும் அதிலேயே எழுதினேன். எழுதுவது தொல்லை; ஆகவே வருவோர் குறைந்தனர். பள்ளியில் என்னை வகுப்பிலிருந்து எடுத்துப் பதிவேடு எழுத வைத்தனர். பாடம் கேட்ட பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்து வாயசைத்துவிட்டு ஓடினர். விடுதலை அறிவிப்பு நாளில் வீட்டுக்காரர் குடும்பம் முழுவதும் வானொலியைச் சூழ்ந்து நின்றது. எல்லாருடைய வாயும் ஒரே வேளையில் திறந்து மூடின. அவர் என் உள்ளங்கையைப் பிடித்து வானொலிப் பெட்டியின் மீது வைத்தார். மரம் அதிர்ந்தது. நான் அறிந்த விடுதலை அந்த அதிர்வுதான்.

நோய் வருவதற்கு முன்பே எனக்கு மணம் உறுதியாகியிருந்தது. பெண்ணின் தந்தை புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார். அவளை ஒரே முறை பார்த்திருந்தேன். உறுதி செய்த நாளில் என் செந்தமிழைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அச்சிரிப்பை மருத்துவமனைக் கட்டிலில் பலமுறை நினைத்திருக்கிறேன். கிராணியார் இப்போது கடிதம் எழுதினார்: "காது கேக்கலன்னு கேள்விப்பட்டோம். பொறவியிலயே குடும்பத்துல உள்ளதா? மறைக்காம எழுதவும்."

மூன்று நாள் செதுக்கி விடை எழுதினேன். காசம் என்னும் பெயரை எழுதக் கை கூசியது. ஆகவே இவ்வாறு முடித்தேன்: "என் செவிக்குறை வழிவழி வந்ததன்று. ஒரு நோயின் பொருட்டுச் சில திங்கள் மருத்துவமனையில் தங்கியிருந்தேன். அந்நோயும் இக்குறையும் நானே என் வாழ்நாளில் ஈட்டியவை." எழுதியதை மீண்டும் படித்தபோது நடையழகு எனக்கே நிறைவளித்தது.

பத்து நாளில் நான் கொடுத்த நிச்சயச் சேலை பழுப்புத்தாளில் சுற்றப்பட்டுத் திரும்பி வந்தது. ஒரு வரிகூட உடன் இல்லை. செவிடனுக்கு யார் பெண் தருவர் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, கதவைச் சாத்தி ஒரு திங்களுக்கு மேல் கிடந்தேன்.

ஒரு ஞாயிறன்று வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு உள்ளே வந்து கட்டிலில் அமர்ந்தார். சேலைப் பொதியைச் சுட்டி, ஏன் என்று கேட்பதுபோல் கையை விரித்தார். பிறக்கும் பிள்ளைகளும் செவிடாகும் என்று அஞ்சிவிட்டனர் என மலாயில் எழுதினேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். வேட்டியைச் சற்றே தூக்கிக் காலின் வடுவைக் காட்டி எழுதினார்: "என் நான்கு பிள்ளைகளும் ஆட்டுக்குட்டிபோல ஓடுகிறார்கள். நேற்றுக்கூடப் பக்கத்து வீட்டுப் பப்பாளியைப் பறித்துவிட்டு என்னைவிட வேகமாக ஓடினார்கள்." பிறகு அதனைத் துடைத்துவிட்டு மூன்றே சொற்கள் எழுதினார்: "புக்கான் துருன். கெனா." வழிவழியாக இறங்கியதன்று, வந்து தாக்கியது என்பது பொருள். தம் காலைத் தொட்டார். என் செவியைத் தொட்டார். இரண்டுக்கும் அவரிடம் இருந்தது 'கெனா' என்னும் அந்த ஒரே சொல். அதில் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை.

பலகையைத் துடைத்து மீண்டும் எழுதினார்: "சட்டையை மாட்டு. கிராணியிடம் நான் பேசுகிறேன். அவருக்கு மலாய் தெரியாமலா இருக்கும்?"

பேருந்தில் சென்றோம். கிராணியார் எங்களை உள்ளே அழைத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் காலைக் காட்டி, செவியைக் காட்டி நெடுநேரம் பேசினார். நான் இரண்டு வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கிராணியார் எழுந்துபோய் என் கடிதத்தைக் கொண்டுவந்தார். 'ஈட்டியவை' என்னும் சொல்லின்கீழ் விரலை வைத்து, என் கற்பலகையை வாங்கி எழுதினார்:

"வாத்தியாரே, என்னா நோயின்னு பேரச் சொல்லல. அத நீங்களே தேடிக்கிட்டதா மட்டும் எழுதிருக்கீங்க. ஆம்பள தேடிக்கிற நோய் என்னான்னு தோட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவான். பொண்ணப் பெத்தவன் நான் என்னா பண்றது?"

'காசநோய்' என்று எழுதினேன். அந்த நான்கு எழுத்தையும் அவர் வாயசைத்துப் படித்தார். பின்னர் மெல்ல எழுதினார்: "இத மொதல்லயே எழுதிருந்தா பயந்திருப்போம். அசிங்கமா நெனச்சிருக்க மாட்டோம்."

கற்பலகையைத் திருப்பி மறுபுறம் எழுதினார்: "போன வாரம் வேற எடத்துல தட்டு மாத்தியாச்சு. ஒரு தடவ வாக்கு மாறுனதே போதும். மன்னிச்சிக்கிங்க."

கற்பலகையைத் துடைத்தேன். எழுந்து வாயிலுக்கு வந்தோம். வேலியருகே அவள் நின்றாள். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருப்பாள் போலும். என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னாள். மிகச் சிறிய தொடர்தான். நான் கற்பலகையை நீட்டுவதற்குள் தந்தையார் வாசலுக்கு வர, அவள் கொல்லைப்புறம் போய்விட்டாள்.

பேருந்துக்குக் காத்து நின்றபோது, அவள் என்ன சொன்னாள் என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டேன். அவர் செவிகள் நல்ல செவிகள். ஆனால் அவள் பேசியது தமிழ். அவர் கண்களை மூடி நினைவுகூர முயன்று, காதில் பட்டதை உரோமன் எழுத்தில் எழுதினார். பி, ஓ, ஐ. மீதி நாயின் குரைப்பில் போயிற்று என்று கீழே எழுதினார்.

அதனைப் பொய் என்றும் படிக்கலாம். போய் என்றும் படிக்கலாம். என்மீது எழுந்த பழி பொய் என்றாளா, நானே பொய்யன் என்றாளா, போய் வாருங்கள் என்று விடைதந்தாளா? ஓசை குறுகியதா நீண்டதா என்று கேட்டேன். வினாவே அவருக்கு விளங்கவில்லை. தமிழ் அறியாதவர் என்று நான் எள்ளிய மனிதர், சாலையோரம் விந்தும் காலோடு நின்று, தமக்குத் தெரியாத ஒரு மொழியின் ஓரெழுத்தை எனக்காக நினைவுகூர முயன்றுகொண்டிருந்தார். பேருந்து வந்த பிறகும் உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் மணம் செய்துகொள்ளவில்லை. பின்னர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, பிறருடைய சொற்பிழைகளைக் களைந்தே வாழ்நாளைக் கழித்தேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு என் விடை இதுதான்: இக்குறை குடும்பத்தில் உள்ளதன்று, நான் தேடியதும் அன்று. காசநோய்க்குப் போட்ட ஊசியால் எனக்கு நேர்ந்தது. எங்கள் பிள்ளையை அஞ்சாமல் கொண்டுசெல்லுங்கள்.

அகவை மிகுந்த நினைவு இது. இதில் சொற்பிழையோ பொருட்பிழையோ காண்போர் தயங்காமல் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன்; ஒரு மாத்திரை அளவு ஓசை தெரியாமல் ஒரு வாழ்நாள் முழுதும் காத்திருக்கலாகும் என்பதை அறிந்தவன் நான்.